மொறிஸ் மைனருக்குத் தலைமாற்றம்

வேதாளம் விக்கிரமாதித்தனுக்குச் சொன்ன கதைகளுள் தலை மாறிப் பொருந்திய இருவரின் கதையும் ஒன்று. ஒருவன் தலை மற்றவன் உடலிற் பொருந்திவிட, அவ்விருவருள் அப்பெண்ணுக்குக் கணவன் யாவன் என்பது அங்கே எழும் வினா. சென்ற விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தின் கீழ் இதனை ஒத்த வினாவொன்று எழுந்தது. உடல் பெரியப்பாவின் மொறிஸ் மைனர்க் கார். தலையோ பிறிதொரு காருக்கு உரியது. தொல்காப்பியம் படிப்பவனுக்கு எஞ்சினோடு யாது தொடர்பு என்று விடுதித் தோழர் நகைத்தனர். நகைத்தவருள் இரசாயனம் பயிலும் ஒருவரே பின்னர் இதில் அகப்பட்டுக்கொண்டார்; அதனைப் பிறகு சொல்வேன்.

பெரியப்பா வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவர். அந்தக் கார் நின்றால் அவர் வீட்டில் உலை கொதிப்பது அரிது. ஒருநாள் ரேடியேட்டரில் நீர் குறைந்துகொண்டே போயிற்று. குழாயின் வழியே வெண்புகை வந்தது. கழற்றிப் பார்த்தபோது சிலிண்டர் ஹெட்டில் இரண்டு வால்வுகளுக்கு இடையே மயிரிழை போல ஒரு வெடிப்பு. ஒட்டவைக்க வழியில்லை என்றார்கள். பழைய உதிரிப்பாகம் விற்குமிடம் ஒன்றிலே, “இதே இனத்து எஞ்சினின் ஹெட், உங்களுடையதைக் காட்டிலும் பெரியது, வேகமும் கூடும்” என்று ஒன்றைக் கொடுத்தார்கள். அது 1275 சி.சி. எஞ்சினுக்கு உரியது. எங்களுடையது 1098 சி.சி. இந்த வேற்றுமை பொருட்படுத்தத் தக்கதா, அன்றா என்பதே இக்கட்டுரை ஆராயும் பொருள்.

எஞ்சினைக் கண்டறியாதாருக்குச் சில சொற்கள். பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும் நான்கு கிணறுகளை உடைய இரும்புப் பாளத்தைப் பிளாக் என்பர். அக்கிணறுகளின் வாயை மூடும் இரும்பு மூடியே ஹெட். இரண்டுக்கும் நடுவே காஸ்கெட் என்னும் தகடு கிடக்கும். பழைய எஞ்சின் சிலவற்றில் ஹெட் வெறும் மூடியே. வால்வுகள் பிளாக்கின் பக்கத்திலே இருந்தன. 1948 இல் வெளிவந்த முதல் மொறிஸ் மைனரின் 918 சி.சி. எஞ்சின் அத்தகையதே. பின்வந்த எஞ்சின்களில் வால்வுகள் ஹெட்டினுள் ஏறிவிட்டன. பெற்றோலும் காற்றும் நுழையும் வழி, புகை வெளியேறும் வழி, அவை எரியும் சிற்றறை, தீப்பொறி தரும் பிளக், சூடாற்றும் நீர்வழி ஆகிய எல்லாம் ஹெட்டிலேயே அமைந்தன. ஆகவே இத்தகைய எஞ்சினில் ஹெட்டை மாற்றுவது பானைக்கு மூடி மாற்றுவது போன்றதன்று. எஞ்சின் மூச்சு விடும் விதத்தையே மாற்றுவதாம்.

இந்த எஞ்சின் குடும்பத்துக்கு ‘ஏ சீரீஸ்’ என்று பெயர். இது 1951 இல் இங்கிலாந்தில் ஒஸ்டின் ஏ-30 என்னும் சிறு காருக்கென 803 சி.சி. அளவிற் பிறந்தது. மறு ஆண்டில் ஒஸ்டினும் மொறிஸும் ஒன்றாகிப் பிரிட்டிஷ் மோட்டர் கோர்ப்பரேஷன் ஆயின. அந்த ஆண்டிலேயே இவ்வெஞ்சின் மொறிஸ் மைனருக்கும் வந்தது. 1956 இல் 948 சி.சி., 1962 இல் 1098 சி.சி. என மைனரின் எஞ்சின் வளர்ந்தது. 1959 இல் அலெக் இசிகோனிஸ் வகுத்த மினிக் கார் இதனையே குறுக்காகத் திருப்பி வைத்துக்கொண்டது. 1964 இல் கூப்பர் எஸ் என்னும் மினிக்கு 1275 சி.சி. கிடைத்தது. மினியின் உற்பத்தி 2000 ஆம் ஆண்டில் முடியும்வரை இக்குலம் அறாது நின்றது. ஏறக்குறைய ஐம்பது ஆண்டு ஒரே வமிசம்! அவ்வளவு காலத்துள் உறுப்புகள் பலவும் மாறியும், ஹெட்டைப் பிளாக்கோடு இறுக்கும் ஒன்பது ஸ்டட்டுகளின் இடம் மாறவில்லை. (கூப்பர் எஸ் வகைக்கு மேலும் இரண்டு சேர்த்தார்கள், பழைய ஒன்பதும் இருந்த இடத்திலேயே இருந்தன.) இக்குடும்பத்தில் தலைமாற்றம் பெருவழக்காயிற்று என்றால் அதற்கு முதற்காரணம் இதுவே.

எங்களை ஏமாற்றியதும் இதுவே.

ஹெட்டைக் கொண்டுவந்த அன்று மாலை, கராச்சிலிருந்து வந்த அண்ணர் அதனைத் தூக்கி வைத்தார். ஒன்பது ஸ்டட்டும் ஒன்பது துளையில் வழுக்கிக்கொண்டு இறங்கின. “பார் தம்பி, அச்சிலே வார்த்ததுபோல இருக்கிறது, இனி என்ன?” என்றார். நட்டுகளை முறையாக இறுக்கினார். பெரியப்பா சாவியைத் திருப்பினார். எஞ்சின் அரைச் சுற்றுச் சுற்றி, ‘டக்’ என்ற ஓசையுடன் நின்றது. மறுபடி திருப்பவும் அதே ஓசை. கழற்றிப் பார்த்தால் எக்ஸாஸ்ட் வால்வு ஒன்று காம்பு வளைந்து கிடந்தது. பிளாக்கின் மேல்முகத்தில், கிணற்றின் ஓரத்தே, பிறை வடிவில் ஒரு புதுத் தழும்பு.

ஏன் இவ்வாறாயிற்று என்பதை அறிய வெறுங் கூட்டற் கணக்கே போதும். 1098 எஞ்சினின் கிணறு 64.58 மில்லிமீற்றர் விட்டமுடையது. அதற்குரிய ஹெட்டில் இன்லெட் வால்வு ஏறத்தாழ 29 மி.மீ.; எக்ஸாஸ்ட் வால்வு 25.4 மி.மீ. இரண்டும் கூடினால் 54 மி.மீ.க்குச் சற்று மேல். பக்கத்தில் பக்கம் வைத்தாலும் பத்து மில்லிமீற்றர் எஞ்சுகின்றது. 1275 எஞ்சினின் கிணறோ 70.61 மி.மீ. அதன் ஹெட்டில் இன்லெட் 33.3 மி.மீ., எக்ஸாஸ்ட் 29.3 மி.மீ. அளவின; கூட்டினால் 62.6. இந்த இரண்டையும் 64.58 மி.மீ. கிணற்றின் மேல் வைத்தால் எஞ்சுவது இரண்டே மில்லிமீற்றர். இவ்வெஞ்சினில் எட்டு வால்வுகளும் நீளவாட்டில் ஒரே வரிசையில் நிற்பவை. அவ்வரிசை கிணற்றின் நடுவே செல்லாமல் ஒரு பக்கம் ஒதுங்கிச் செல்வது. ஆகவே அங்கே கிணற்றின் அகலம் விட்டத்தினும் குறைவு. வால்வுகளுக்கு இடையே சுவரும் வேண்டும். எனவே எக்ஸாஸ்ட் வால்வின் ஒரு விளிம்பு கிணற்றைத் தாண்டிப் பிளாக்கின் இரும்புக்கு நேர் மேலே நிற்கின்றது. மூடியிருக்கும் வரையில் தீங்கில்லை. திறக்கும்போது ஏழு மில்லிமீற்றர் அளவு கீழே இறங்க வேண்டும். இறங்க இடம் ஏது? இரும்பின்மேல் மோதுகின்றது.

ஸ்டட் பொருந்துவது வேறு, வால்வு பொருந்துவது வேறு என்பது எங்களுக்கு வளைந்த வால்வு ஒன்றின் விலையில் விளங்கிற்று.

இதனை முன்கூட்டியே அறிய மிக எளிய உபாயம் ஒன்று உண்டு. மறுவாரம் வந்த முதிய மெக்கானிக் ஒருவர் அதனைச் செய்து காட்டினார். சிறுவர் விளையாடும் மெழுகுக் களியைச் சிறிது எடுத்துக் கிணற்றின் ஓரத்தில், எக்ஸாஸ்ட் வால்வு வரும் இடத்தில் அப்பினார். ஒட்டாதிருக்க அதன்மேல் ஒரு துளி எண்ணெய். வளையாத வால்வொன்று இருந்த அறையின்மேல் அதனைச் சோதித்தார். பழைய காஸ்கெட்டை இட்டு, ஹெட்டை வைத்து, நட்டுகளை இறுக்கி, ராக்கர் இடைவெளியைச் சரிசெய்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பச் சொன்னார். கை தடைப்பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். ஒரு நூல்கூட அழுத்தலாகாது. தடையின்றி இரண்டு முழுச்சுற்றுச் சுற்றினால் எல்லா வால்வும் ஒருமுறை திறந்து மூடிவிடும். பின்பு ஹெட்டைத் தூக்கிக் களியைக் கத்தியால் நறுக்கிப் பார்த்தால், அங்கே எவ்வளவு இடைவெளி உண்டென்பது களியின் கனத்திலே தெரியும். எங்களுக்குச் சுற்று முடியும் முன்னரே கை நின்றுவிட்டது.

இந்த மோதலை நீக்க வழி இல்லாமற் போகவில்லை. பிளாக்கின் மேல்முகத்தில், வால்வு விளிம்பு இறங்கும் இடத்தில், பிறை வடிவான பள்ளம் வெட்டுவர். இங்கிலாந்தில் ஓட்டப் பந்தயத்துக்குக் கார் ஆயத்தஞ் செய்வோர் நெடுங்காலமாகச் செய்து வருவது இது. ஆயினும் பள்ளத்தின் ஆழம், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதன் முதல் வளையம் நிற்கும் மட்டத்தைத் தொடலாகாது. தொட்டால் வளையம் அடைக்க வேண்டிய வாயு பள்ளத்தின் வழியே நழுவும். தவிரவும் பிளாக்கை ஒருமுறை வெட்டிவிட்டால் மீட்பில்லை. சிறிய எக்ஸாஸ்ட் வால்வுகளை அந்த ஹெட்டில் அமைப்பது இன்னொரு வழி; அதற்கு வால்வு அமரும் இருக்கைகளையும் புதிதாக இடவேண்டும்.

இலக்கணத்தில் நிலைமொழியும் வருமொழியும் புணரும்போது தோன்றல், திரிதல், கெடுதல் என்னும் மூன்று விகாரம் சொல்வர். பிளாக்கை நிலைமொழி என்றும் ஹெட்டை வருமொழி என்றும் கொண்டால் இம்மூன்றும் இங்கேயும் வருகின்றன. பள்ளம் வெட்டுதல் கெடுதல். புது இருக்கை இடுதல் தோன்றல். இனிச் சொல்லப்போகும் பேஸிங் திரிதல். நண்பர்கள் இவ்வொப்புமையைக் கேட்டு என்னை ஒருவாரம் விடாமற் பரிகசித்தனர். எனினும் எனக்கு எஞ்சின் விளங்கியது இவ்வழியேதான்.

இனி இரண்டாவது பொருத்தம். அது கண்ணுக்குத் தெரியாதது. ஆதலால் மிகுதியும் ஏமாற்றுவது. ஹெட்டில் ஒவ்வொரு கிணற்றுக்கும் மேலே ஒரு சிற்றறை உண்டு. ஹாரி வெஸ்லேக் என்பவர் வகுத்த இவ்வறை ஏறக்குறைய இருதய வடிவுடையது. இரு வால்வுகளுக்கும் நடுவே ஒரு முனை உள்நோக்கி நீண்டிருக்கும். பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது கிணறு நிறைந்த கலவையெல்லாம் இவ்வறையிலும், பிஸ்டன் தலைக் குழியிலும், காஸ்கெட்டின் கனத்திலும் ஒடுங்கவேண்டும். எத்தனை பங்கு ஒரு பங்காக ஒடுங்குகின்றது என்பதே அழுத்த விகிதம். மைனரின் 1098 எஞ்சினுக்கு இது 8.5க்கு 1. (தரங்குறைந்த பெற்றோலுக்கென 7.5 விகிதத்திலும் செய்தார்கள்.) ஒரு கிணற்றில் பிஸ்டன் கடக்கும் கொள்ளளவு 274 சி.சி.; 8.5 விகிதம் வரவேண்டுமானால் மேலே எஞ்சும் இடம் ஏறத்தாழ 36.6 சி.சி. இருத்தல் வேண்டும். அதில் ஹெட்டின் அறைக்கு உரியது சுமார் 26 சி.சி.

1275 ஹெட்டின் அறையோ 21.4 சி.சி.யே. பெரிய கிணற்றில் மேலே ஒடுக்க வேண்டிய கலவை மிகுதியாதலின் அறையும் பெரிதாயிருக்கும் என்று நாங்கள் எண்ணினோம்; உண்மை நேர்மாறு. பெரிய எஞ்சினின் பிஸ்டன் தலையிலே ஆழ்ந்த குழி உண்டு. குறையை அது ஈடுசெய்கின்றது. எங்கள் பிஸ்டனுக்கு அவ்வளவு ஆழ்ந்த குழி இல்லை. ஆகவே மேலுள்ள இடம் 36.6 இலிருந்து 32 சி.சி. அளவுக்குக் குறைந்து, விகிதம் 9.6க்கு ஏறிவிடும். மலிவான பெற்றோலில் ஓடும் வாடகைக் காருக்கு இது பெருஞ்சுமை. கலவை தன் நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனைச் சம்மட்டிபோலத் தட்டும். ஏற்றத்தில் அந்தத் தட்டலைக் காதாற் கேட்கலாம்.

இதற்கு மறுதலையான அநுபவம் எங்கள் ஊர்ப் பெரியோர் எல்லாருக்கும் உண்டு. 1990 முதற் சில ஆண்டுகள் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தது. அக்காலத்தில் மொறிஸ் மைனரும் ஒஸ்டினும் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டுக் கிளப்பி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அழுத்த விகிதம் தாழ்ந்த பழைய எஞ்சின்களாதலினாலே அது கூடிற்று. உயர்ந்த விகிதமுடைய எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் தட்டித் தட்டியே அழிந்திருக்கும். அப்பொழுது பெரியப்பாவின் காரில் 9.6 விகித ஹெட் இருந்திருந்தால், அது கொட்டிலிலே கிடந்திருக்கும்.

மூன்றாவதாக வேறொரு வழியைக் கண்டோம். அதே குடும்பத்து எம்.ஜி. 1100 என்னும் காரின் ஹெட் நடுத்தரமானது. அதன்மேல் 12ஜி295 என்று வார்க்கப்பட்டிருக்கும். (ராக்கர் மூடியைக் கழற்றினால் இவ்வெண்ணைக் காணலாம். 1275 ஹெட்டுக்கு 12ஜி940. மைனரின் 1098 ஹெட்டுக்கு 12ஜி202. வாங்குவோர் விற்பவரின் சொல்லை விட்டு இரும்பின் சொல்லைப் படிப்பது நலம்.) அதன் இன்லெட் வால்வு 31 மி.மீ.; எக்ஸாஸ்ட் வால்வு எங்களுடையதைப் போலவே 25.4 மி.மீ. எம்.ஜி. 1100 காரின் கிணறும் எங்கள் கிணறும் ஒரே விட்டம். ஆதலால் மோதல் இல்லை. மூச்சோ சற்று எளிதாகும். ஆனால் அறை 28.3 சி.சி. அப்படியே வைத்தால் விகிதம் 8.1க்கு இறங்கும். குறையைத் தீர்க்க ஹெட்டின் அடிமுகத்தைச் சீவவேண்டும். பட்டறையில் இதனைப் பேஸிங் என்பர். எவ்வளவு சீவுவது?

இங்கேதான் இரசாயனத் தோழர் வேண்டப்பட்டார். ஆய்வுகூடத்திலே பழுதென ஒதுக்கிய பியுரெற் ஒன்றை அவர் அநுமதி பெற்றுக் கொணர்ந்தார். ஹெட்டைத் தலைகீழாகச் சமமட்டத்தில் வைத்து, வால்வும் பிளக்கும் பூட்டி, அறையின் விளிம்பிற் கிரீஸ் தடவி, துளையிட்ட கண்ணாடித் தகட்டால் மூடி, துளையின் வழியே மெல்லிய எண்ணெய் கலந்த மண்ணெண்ணெயை விட்டார். காற்றுக் குமிழ் அகன்று நிறைந்தபோது பியுரெற் 28.4 காட்டிற்று. நான்கு அறையும் அளந்தோம். ஒன்று மற்றதற்கு அரைப்பங்கு வேறுபட்டது. பின்னர்த் தகட்டை எடுத்து, வெற்று அறையில் 26 சி.சி. மட்டும் விட்டு, திரவத்தின் மேல்மட்டம் ஹெட்டின் முகத்திலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறதென்று ஆழமானியால் அளந்தோம். சீவவேண்டிய கனம் அதுவே. சூத்திரம் ஒன்றும் வேண்டியதில்லை. அன்று மாலை அவருடைய சட்டையில் மண்ணெண்ணெய் மணம். அதற்காக விடுதியில் அவர் பட்ட பாடு தனிக்கதை.

வாங்கும்போது பார்க்கவேண்டியன இன்னும் இரண்டு. மைனரில் ஹெட்டுக்கும் நீர்ப் பம்புக்கும் இடையே ஒரு குறுங்குழாய் ஓடும். பிற்காலத்து ஹெட் சிலவற்றில் அதற்குரிய துவாரமே இல்லை. மற்றது, ஈயங் கலந்த பெற்றோல் பற்றியது. ஈயம் வால்வின் இருக்கைகளுக்கு ஒருவகைப் பூச்சாக உதவியது. பிரித்தானியாவில் 2000 ஆம் ஆண்டு பிறந்தபோது அது பொதுவிற்பனையிலிருந்து நீங்கிற்று. ஏனைய நாடுகளிலும் அது நீங்கியது. அதன்பின், பழைய வார்ப்பிரும்பு இருக்கைகள் நெடுந்தூரம் விரைந்து ஓடினால் எக்ஸாஸ்ட் வால்வின் கீழ்த் தேய்ந்து உள்ளே அமிழும். ஆகவே எந்தப் பழைய ஹெட்டை எடுத்தாலும், பட்டறையில் இருக்கும்போதே கடின உலோக இருக்கைகள் இடுவித்துக்கொள்வது செலவு மிச்சம். வெடிப்பு உண்டா என்று சோதித்தபின் இதனைச் செய்க; முதலிலே இருக்கையிட்டுப் பின்னர் வெடிப்புக் கண்டால் இரட்டைச் செலவு. மூன்றாம், இரண்டாம் சிலிண்டர்களின் புகை நடுவே ஒரே வழியாற் போவதால் அவ்விடம் மிகச் சுடும். வெடிப்புத் தேடுவோர் அங்கேயே முதலிற் பார்ப்பர்.

எம்.ஜி. ஹெட் கிடைக்க ஐந்து வாரம் ஆயிற்று. அவ்வைந்து வாரமும் பெரியப்பா அயலவர் ஒருவரின் காரை நாட்கூலிக்கு ஓட்டினார். கராச் அண்ணர் பிளாக்கைப் பள்ளம் வெட்டி வேலையை ஒருநாளில் முடிக்கலாம் என்று பலமுறை சொன்னார். அவர் சொன்னதில் பிழையில்லை, பந்தயக் கார் எனின் யானும் அதற்கு இசைந்திருப்பேன். பெரியப்பா இசையவில்லை. “பிளாக் பழையபடி இருந்தால் நாளைக்கு எந்தத் தலையும் வைக்கலாம்” என்றார்.

புதிய ஹெட்டை வைத்து முதலிற் களிச் சோதனை செய்தோம். இரண்டு சுற்றும் தடையின்றிச் சுழன்றன. சீவியதனால் ஹெட் சற்றுத் தாழ்ந்திருந்தமையின் ராக்கர் இடைவெளிகளை மீண்டும் 0.30 மி.மீ.க்கு அமைத்தோம். ஸ்டட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறம் நோக்கிப் படிப்படியாக இறுக்கினார் முதிய மெக்கானிக். சாவியைத் திருப்பியபோது இரண்டாம் முறையிலேயே பற்றிக்கொண்டது. காபரேற்றரின் ஊசியை மாற்றாதபடியால் முதற்சில நாள் ஏறும்போது சற்று இருமியது. அதுவும் பின்னர்ச் சரியாயிற்று. வேகம் கூடியதா என்று கேட்பவர்க்குப் பெரியப்பா, பாரம் ஏற்றி மேட்டிலே போகையில் மூன்றாம் கியரை விடவேண்டியதில்லை என்பார். அதற்குமேல் அவர் சொல்வதில்லை.

1275 ஹெட் வளைந்த வால்வுடன் இன்னும் கொட்டிலிற் கிடக்கின்றது. சென்ற மாதம் மினிக் கார் வைத்திருக்கும் ஒருவர் வந்து விலை கேட்டுப் போனார். தமது எஞ்சின் 998 சி.சி. என்றார். கிணற்றின் விட்டம் எங்களுடையதே என்று சொல்லி, மெழுகுக் களி வாங்கிக்கொண்டு வருமாறு பெரியப்பா அவரை அனுப்பிவைத்தார்.